வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக் கெடு

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ரயில் பாதை, அதற்கப்பால் கடல். பகல் பதினொரு மணியானால் கடல் வெளிச்சம் லப்டொப் திரையில் வந்து படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு திரையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரித் தலையாட்டுவேன். அது பெரும்பாலும் நித்திரையில்தான் முடியும்.

மாலை வகுப்பு நடத்தும் கல்லூரி ஒன்றில் நான் விரிவுரையாளன். மாணவர்கள் தங்கள் ஒப்படைக் கட்டுரைகளை இணையப் பக்கத்தில் ஏற்றுவார்கள். கெடுவை வைப்பது நான். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி என்று வைத்தேன். சோற்றுக்கு முன் வேலை முடிந்துவிடும் என்பதைத் தவிர அதில் கல்வித் தத்துவம் எதுவும் இல்லை. பிந்தினால் ஐம்பது புள்ளிக்கு மேல் ஏறாதபடி வரம்பும் போட்டேன். அந்தப் பெட்டியில் ஐம்பது என்று அடித்தபோது நீதிபதி மாதிரி என் முதுகு நிமிர்ந்தது.

அந்த வெள்ளி, பத்தரைக்குள் ஒப்படைகள் மழையாகக் கொட்டின. பிறகு சட்டென்று நின்றுவிட்டன. ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் மருதானை மாணவர் ஒருவர் ஏற்றியதைத் தவிர, பக்கம் காற்றில்லாத கடலாகக் கிடந்தது. மென்பொருள் செத்துவிட்டதென்று நினைத்தபடியே கண்ணயர்ந்தேன். கனவில் ஒப்படைகள் வெள்ளைப் படகுகளாகத் தண்டவாளத்துக்கு அப்பால் மிதந்தன. ஒன்றும் கரைக்கு வருவதாக இல்லை. கல்கிசைப் பக்கம் போன ரயில் மேசையை உலுப்பி என்னை எழுப்பியபோது பன்னிரண்டு ஐந்து. புதிதாக நான்கு ஒப்படைகள் வந்திருந்தன. நான்கிலும் சிவப்பு எழுத்தில் ‘தாமதம்’.

அவற்றில் ஒன்று கொட்டாஞ்சேனைப் பெண் ஒருவருடையது. பகலில் கப்பல் அலுவலகத்தில் வேலை செய்பவர். இந்தப் பாடத்தை இரண்டாம் தடவையாக எடுக்கிறார். அறுபது வராவிட்டால் இறுதி ஆண்டுக்குப் போக முடியாது, மூன்றாம் தடவையும் கிடையாது. ஞாயிறன்று வாசித்துவிட்டு எழுபத்து நான்கு அடித்தேன். பெட்டி ஐம்பது என்றது. இன்னொரு தரம் அடித்தேன். ஐம்பதுதான்.

ஏன் பிந்தியது என்று போனில் கேட்டேன்.

“பத்து மணிக்கே முடிச்சிட்டன் சேர். கடைசியா ஒருக்கா வாசிப்பம் எண்டு இருக்க, பத்தரை தாண்டிட்டுது.”

“அப்ப உடனே ஏத்தியிருக்கலாமே?”

“ராகுகாலம் சேர். போன முறை அதுக்குள்ள ஏத்தித்தான் பெயிலானனான்.”

பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் முடிந்து நாற்பதாவது விநாடியில் பொத்தானை அமத்தியிருக்கிறார். மற்ற மூவரும் அப்படித்தான்.

மனைவியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“இந்த வீட்டுக்கு வந்த அண்டைக்கு, சாமான் லொறியைக் காலி வீதியில ஒண்டரை மணித்தியாலம் நிப்பாட்டி வைச்சது ஆர்?”

ஆர் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. விசாரித்த பொலிஸ்காரரிடம், வீட்டுத் திறப்பைக் காணவில்லை என்று சிங்களத்தில் சொன்னதும் நினைவிருந்தது. திறப்பு என் சட்டைப் பையில் இருந்தது.

அன்றிரவே பாடநெறிப் பொறுப்பாளருக்கு எழுதினேன். திங்கள் காலை எட்டரை தாண்டித்தான் பதில் வந்தது: காரணம் எழுதி, கெடுவை எல்லோருக்கும் ஒரேயளவு நீட்டலாம். ஒன்பதுக்குப் புள்ளிப் பக்கம் பூட்டப்படும்.

கெடுவைப் பன்னிரண்டேகால் ஆக்கினேன். காரணப் பெட்டியில் ‘விரிவுரையாளரின் கவனக்குறைவு’ என்று அடித்தேன். அவ்வளவு உண்மையான வாக்கியத்தை நான் எழுதிக் கனகாலம். சேமிக்கப் போன விரல் அந்தரத்தில் நின்றது.

திங்கட்கிழமை. ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம்.

தேத்தண்ணியோடு வந்த மனைவி மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு விரலைப் பார்த்தாள். கோப்பையை வைத்துவிட்டுப் போனாள். சரியாக ஒன்பதுக்கு அமத்தினால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை நான்கு பேருக்கு வந்த அதே யோசனை. கடல் வெளிச்சம் திரைக்கு வர இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அமத்தினேன்.

திறந்து பார்த்தபோது எழுபத்து நான்கு, சிவப்பில்லாமல், சாதுவாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். எத்தனை மணிக்குப் போட்டேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.