பென்சன் நாளில் வாங்கிய சைக்கிள்

கண்டாவளையில் இருக்கும் என்னுடைய சைக்கிள் கடைக்கு அவா வந்தது ஒரு பென்சன் நாளில். ஓய்வுபெற்ற மருத்துவமாது. எழுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, மூக்கில் வழுக்கி இறங்கும் கண்ணாடி. எந்தச் சாமானையும் விலை கேட்க முன்னம் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பா.

அன்றைக்குப் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைத் தடவிக்கொண்டு நின்றா.

"பேத்திக்கோ அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி, எனக்குத்தான். வீடு என்ர பென்சனிலதான் ஓடுது. அதை யோசிச்சு, எங்கட மனுசன் டொக்டர் தந்த பிறசர் குளிசையைப் பாதியா உடைச்சுப் போடுறார். கேட்டால், 'எனக்கு இது காணும், பாதியே போதும்' எண்டுறார். சந்திக்குப் போய்வாற ஓட்டோக் காசு மிஞ்சினால் அவர் முழுக் குளிசை போடலாமெல்லோ?"

"இந்த வயசில விழுந்திட்டால்?"

"சைக்கிளிலதானே தம்பி ஊரெல்லாம் பிள்ளைப்பேறு பாக்கப் போனனான்."

சீற்றை அவாவின் உயரத்துக்கு இறக்கிப் பதித்துக் கொடுத்தேன். அவா ஏறியதும் முன்சில்லு இரண்டு தரம் ஆடியது. நான் ஓடிப்போய்ப் பிடிக்க முன்னமே நேராகிவிட்டது.

அடுத்த மாதம் காற்றடிக்க வந்தபோது, பின் கரியரில் அவாவின் மனுசன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு இருந்தார். அந்த மெலிந்த கால்கள் இரண்டு பேரை எப்படி இழுத்தன என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.