புதுக் குடத்தில் மூன்று ஓட்டை

செடி விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்காதவன். கொடைக்கானலில் நீலமாகப் பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாவைப் பார்த்ததும், நம் ஊர் வெயிலில் இது பிழைக்காது என்று மனைவி சொல்லச் சொல்ல, பேருந்தில் மடியில் வைத்தே திருநெல்வேலிக்குக் கொண்டுவந்து சேர்த்தேன்.

முதலில் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்தேன். பங்குனி வெயிலில் தொட்டி கைவைக்க முடியாமல் சுட்டது. உள்ளே வேர் வெந்திருக்கும். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமல் போய், இலையெல்லாம் துவண்டு தொங்கியது. சிமெண்டுத் தொட்டியும் சரிப்படாது, அதன் சுண்ணாம்பு மண்ணில் இறங்கினால் நீலம் நிறம் மாறிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். மண் தொட்டிதான் வேண்டும். நர்சரியில் இருந்தவையெல்லாம் ரோஜாவுக்குத்தான் காணும். அப்போதுதான் சாலையோரம் அடுக்கியிருந்த காருகுறிச்சித் தண்ணீர்க் குடங்கள் கண்ணில் பட்டன. வயிறு பெரிது, வாய் சிறிது. வேருக்கு இடமும் இருக்கும், ஈரமும் சட்டென்று காயாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு ஒன்று வாங்கிவந்தேன்.

காலை வெயில் மட்டும் விழும் இடம் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அப்பா படுத்திருக்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியே. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். வாக்கரைப் பிடித்துத் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வலி தாங்காமல் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார் அப்பா. எனக்கு அதில் எரிச்சல். “நீங்க முயற்சியே பண்ண மாட்டேங்கியளே” என்று அன்று காலையும் கத்தியிருந்தேன்.

அந்த ஜன்னலடியில் உட்கார்ந்து குடத்தைக் கவிழ்த்து, தண்ணீர் வடிவதற்காக டிரில்லால் மூன்று ஓட்டை போட்டேன். உடையாமல் வந்ததில் ஒரே சந்தோஷம். பின்பக்கம் கொண்டுபோய் மண் நிரப்பலாம் என்று தோளில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தேன்.

பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள். “ஏலே, என்னத்தலே தூக்கிட்டு நிக்க? உள்ள அண்ணாச்சி உசுரோட இருக்காவல்லா!”

அப்போதுதான் உறைத்தது. புதுக் குடம், மூன்று ஓட்டை, தோளில் சுமக்கும் மகன். சிதையைச் சுற்றி வரும்போது சுற்றுக்கு ஒன்றாகப் போடுகிற அதே ஓட்டைகள். அம்மாவுக்கு இதே தோளில்தான் சுமந்தேன். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்படி எனக்கு நினைவு வராமல் போயிற்று? வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஜன்னல் பக்கம் திரும்பினேன். அப்பா தலையணையில் சாய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாரோ. குடத்தை வைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

“செடிக்குப்பா. அந்த நீலப்பூச் செடி வைக்கத்தான்.”

“சரிடே” என்றார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. வாக்கரை இழுத்து இரண்டு கையாலும் பற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். தாங்கப் போன என் கையை விலக்கினார். கால் வெடவெடக்க ஓர் அடி வைத்தார். பிறகு இன்னோர் அடி.

“பாத்தியா, நடக்குதேம்லா” என்றார், மூச்சு வாங்க. “இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கடே.”