வேண்டியவர்கள் நிறைந்த ஊரில் ஒரு கல்லூரி வாத்தியார்

அரசாங்கக் கல்லூரியில் வாத்தியார் வேலை என்றால் பாடம் நடத்துவது என்றுதான் நானும் நினைத்துக் கப்பல் ஏறினேன். எழுபதுகளின் தொடக்கம். தீவில் மேற்படிப்பு அப்போதுதான் கண் திறந்திருந்தது. ஆள் பற்றாக்குறை. ஆகையால் ரசாயனம் நடத்த வந்த நானே ஹாஸ்டல் வார்டன், அட்மிஷன் கமிட்டி, சாமான் வாங்கும் கமிட்டி எல்லாம். சேர்ந்த அன்றே கையில் ஒரு மெல்லிய புத்தகம் கொடுத்தார்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள். பரிசு வாங்கக் கூடாது, டியூஷன் எடுக்கக் கூடாது, வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டக் கூடாது என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. எழுதியவர் டில்லியில் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். போர்ட் பிளேரில் வேண்டாதவர் என்று ஒருவரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே கடையில் வாங்குகிறவர்கள், ஒரே தியேட்டரில் படம் பார்க்கிறவர்கள். சின்ன ஊரில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வாளி வாங்கிய கமிட்டி

ஹாஸ்டலுக்கு வாளிகள் தேவைப்பட்டன. கமிட்டியில் மூன்று பேர்: நான், ஹிந்தி பாண்டே, பௌதிகம் குரியன். விதிப்படி மூன்று கடைகளில் விலை கேட்டோம். மூன்றும் அபர்தீன் பஜாரில் இருந்தன. ஒன்று காதர் பாய் கடை, இன்னொன்று அவர் தம்பி கடை, மற்றது அவர் மருமகன் கடை. விலை மட்டும் மூன்று விதமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்கு மேல் நான் அப்போது காதர் பாய் வீட்டு மாடியில்தான் குடியிருந்தேன். நேரே பிரின்சிபால் தத்தா சாபிடம் போய், "சார், கடைக்காரர் என் வீட்டுக்காரர். நான் இந்தக் கமிட்டியில் இருக்கக் கூடாது" என்றேன். அவர் வங்காளி. விதி என்றால் உயிர். "சரி, விலகிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி மற்ற இருவரையும் கூப்பிட்டார். குரியனின் அண்ணன் காதர் பாய் கடையில் கணக்குப் பிள்ளை. பாண்டேக்குப் பெண் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்ததே காதர் பாய்தான். மூவரும் தத்தா சாபைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நான் மலேரியாவில் கிடந்தபோது பாய் வீட்டுக் கஞ்சிதான் குடித்தேன்" என்றார்.

கடைசியில் விஷயத்தை உள்ளபடியே எழுதி செக்ரடேரியட்டுக்கு அனுப்பினோம். அங்கிருந்து ஒரு அதிகாரி வந்து பஜாரை இரண்டு முறை சுற்றினார். பிறகு காதர் பாயிடமே வாங்கினார். அதுவரை ஹாஸ்டல் பிள்ளைகள் பிஸ்கட் டின்னில் மொண்டு குளித்தார்கள். வாளிகளைத் தானே வண்டியில் கொண்டுவந்து இறக்கிய பாய் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்:

"நான் யாருக்காச்சும் ஒரு நல்லது செஞ்சா அடுத்த நாளே அவரு என்கிட்ட வாளி வாங்க முடியாதுங்கிறீங்க. இனிமே மனசறிஞ்சு நாலு பேருக்குக் கெட்டது பண்ணி வைக்கிறேன் சார், கமிட்டிக்கு உதவும்."

மீன் திரும்பிப் போன கதை

டெலானிபூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, ஊரிலிருந்து மனைவி செண்பகத்தையும் அழைத்து வந்தேன். காய்கறி கப்பல் வந்தால்தான் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வெளியே போய்த் திரும்பியபோது அரிவாள்மணை முன்னால் செண்பகம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம். தீவில் அதைச் சுர்மை என்பார்கள்.

"ஜங்க்லிகாட்டு அப்பாராவ் குடுத்துட்டுப் போனாரு" என்றாள். அப்பாராவின் மகன் அந்த வாரம்தான் என் பரீட்சையில் ஃபெயிலாகியிருந்தான். "தொடாதே!" என்று கத்தினேன். மீனைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஜங்க்லிகாட்டுக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் பாதிப் பேர் என் மாணவர்களின் பெற்றோர். மாஸ்டர்ஜி எங்கே வாங்கினீர்கள், என்ன விலை என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். விற்கப் போகிறேனோ என்று கண்டக்டருக்குச் சந்தேகம். சாக்குக்கும் டிக்கெட் போட்டார்.

அப்பாராவ் ஆந்திராக் கடற்கரையிலிருந்து வந்தவர். வலை உலர்த்திக்கொண்டிருந்தார். தெரிந்த ஹிந்தியில் விதியைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. அன்று வலை நிறைய மீன். எங்கள் வரிசையில் தெரிந்த வீட்டுக்கெல்லாம் ஒன்று கொடுத்திருக்கிறார். தபால்காரருக்குக்கூட. புரிந்ததும் முகம் சுண்டிப் போயிற்று. அப்புறம் மீனைக் கையில் தூக்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"மார்க்குக்காகக் கொடுக்கறதுன்னா, பையன் வாங்கின மார்க்குக்கு ஒரு திமிங்கிலமே கொண்டுவந்திருக்கணுமே மாஸ்டர்ஜி!"

உடைந்த ஜன்னல்

தத்தா சாபின் மகன் எங்கள் கல்லூரியிலேயே படித்தான். ஒரு நாள் அவன் அடித்த பந்து ஆபீஸ் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. தன் மகனைத் தானே விசாரிக்க முடியாது என்று தத்தா சாப் என்னை விசாரிக்கச் சொன்னார். மேலதிகாரி மகனை அவருக்குக் கீழே வேலை பார்ப்பவன் விசாரித்தால் யார் நம்புவார்கள் என்று நான் மறுத்தேன். குரியனைக் கேட்டோம், அவரும் அதையே சொன்னார். இது எப்படி முடியும் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பையனே கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தான். வெளியே வெயிலில் வெகு நேரம் நின்றிருப்பான் போலிருக்கிறது.

"நான்தான் உடைச்சேன். யாராவது ஒருத்தர் சீக்கிரம் திட்டிட்டீங்கன்னா நான் கிளாஸுக்குப் போவேன்."

ஒழுகிய கூரை

எங்கள் குவார்ட்டர்ஸ் மர வீடு, தகரக் கூரை. தீவில் மே மாதம் பிடித்த மழை லேசில் விடாது. முதல் மழையிலேயே ஒழுக ஆரம்பித்தது. மனுக் கொடுத்தேன். எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஒழுகின. எல்லோரும் மனுக் கொடுத்திருந்தார்கள். எனக்கு முந்தியவர்கள் நிறையப் பேர்.

அந்தச் சமயத்தில் கட்டட இலாகா இன்ஜினியர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், பணிவாகப் பேசினார். மகன் ரசாயனத்தில் தடுமாறுகிறான், மாலையில் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். டியூஷன் எடுக்க விதி இடம் தராது என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பினேன். நாங்கள் பேசியபோது அவர் டம்ளருக்குள்ளும் ஒரு சொட்டு விழுந்தது. இரண்டு நாளில் ஏணி, தகரம், ஆட்கள் எல்லாம் என் வாசலுக்கு வந்துவிட்டன. செண்பகம் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் கல்யாணத்தன்றுகூடப் பார்க்கவில்லை. நான் மேஸ்திரியிடம், "வரிசைப்படி முதல் வீடு எது?" என்றேன். அவர் கை காட்டினார். "அங்கிருந்து தொடங்குங்கள்" என்றேன். ஏணி போய்விட்டது.

பையன் மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. சனிக்கிழமைகளில் கல்லூரியிலேயே சந்தேகம் தீர்க்கும் வகுப்பு ஒன்று வைத்தேன். யார் வேண்டுமானாலும் வரலாம், காசு கிடையாது. இன்ஜினியர் மகனும் வந்தான், அப்பாராவ் மகனும் வந்தான். இருவரும் அந்த வருஷம் தேறினார்கள். எங்கள் கூரைக்கு முறை வந்தபோது மழைக்காலமே முடிந்திருந்தது. அதுவரை வீட்டில் ஒரு பாத்திரம் சமையலுக்குக் கிடைக்காது. எல்லாம் சொட்டுக்குக் கீழே இருக்கும். செண்பகம் தென்காசிக்காரி. சத்தம் போட மாட்டாள், ஒரே வார்த்தைதான்.

"மழை ஒரு பக்கம், உங்க விதி ஒரு பக்கம். நடுவுல அண்டாவத் தூக்கிட்டு அலையுதது நான்."

மைத்துனரும் நேர்முகத் தேர்வும்

சிரிக்க முடியாத கட்டமும் ஒன்று வந்தது. செண்பகத்தின் தம்பி கதிரேசன் ஊரில் வேலை கிடைக்காமல் தீவுக்கு வந்து எங்களோடு தங்கியிருந்தான். அப்போது என் லேபுக்கு ஒரு உதவியாளர் எடுத்தார்கள். அவனும் மனுப் போட்டான். நான் தேர்வுக் கமிட்டியில் இருந்தேன். செண்பகம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்து, அவனுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள்.

நான் தத்தா சாபிடம் உறவைச் சொல்லி விலகிக்கொண்டேன். கேள்விகளைக்கூட நான் பார்க்கவில்லை. நேர்முகத் தேர்வு நடந்தபோது லைப்ரரியில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். வேலை தேவகி என்ற பெண்ணுக்குப் போயிற்று. பர்மாவிலிருந்து திரும்பி வந்து குடியேறிய குடும்பம். ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் இடத்தில் வேலை பார்த்தவள், கை சுத்தம். கதிரேசன் எங்கே கோட்டை விட்டான் என்று பாண்டே பிறகு சொன்னார். இந்த வேலைக்கு ஏன் வருகிறாய் என்று கேட்டதற்கு, "எங்க அத்தான் இங்கதான் இருக்காரு" என்றானாம்.

"கமிட்டில நீங்க இருந்திருந்தா?" என்று செண்பகம் ஒரு தடவை கேட்டாள். "அப்பவும் தேவகிதான்" என்றேன். அதற்குப் பிறகு சாப்பாடு நேரத்துக்கு வந்தது. பேச்சு வரவில்லை. கதிரேசன் என்னிடம் முகம் கொடுக்காமல் பத்துபஸ்திப் பகுதியில் ஒரு சிநேகிதன் அறைக்குப் போய்விட்டான். செய்தது சரி என்று தெரிந்தும் இரவு சோறு இறங்கவில்லை. மெல்லிய புத்தகத்தில் அதற்கு ஒரு வழியும் எழுதியிருக்கவில்லை.

சில மாதம் கழித்து, ஹேடோ துறைமுகத்தில் சரக்குகளைச் சரிபார்க்கும் வேலை அவனுக்குக் கிடைத்தது. தானே அலைந்து, தானே பேசி வாங்கியது. பிராக்டிகல் பரீட்சை நெருங்கும் சமயம் எங்கள் கண்ணாடிச் சாமான் பெட்டிகள் மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கின. எடுக்கப் போனேன். கொளுத்தும் வெயில், நீண்ட வரிசை. உள்ளே மேஜையில் கதிரேசன். பார்த்ததும் வெட்கத்தை விட்டு நேரே போய், "மாப்பிள்ளை, இந்தப் பெட்டிய மட்டும் சீக்கிரம்..." என்றேன். அவன் எழுந்து நின்று மரியாதையாக ஒரு பெஞ்சைத் தள்ளிப் போட்டான்.

"அத்தான், நீங்க எனக்குச் சொந்தம். உங்க பெட்டிய நான் பார்க்கக் கூடாது. மிஸ்ரா சாப் சாப்பிட்டுட்டு வருவாரு, இதுல உக்காருங்க" என்றான்.

மிஸ்ரா சாப் நிதானமாகச் சாப்பிடுகிறவர். நான் வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. முகமெல்லாம் தூசி, சட்டையெல்லாம் வேர்வை. நடந்ததைச் சொன்னேன். செண்பகம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, அடக்க முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அடுத்த ஞாயிறு கதிரேசனைச் சாப்பிடக் கூப்பிட்டோம். இலை போடும்போது அவள் சொன்னது:

"ரெண்டு பேரையும் ஒரே அச்சுல வார்த்திருக்கு. உங்க விதியத்தான் படிச்சிட்டானே, அவனுக்கு வேற எதுக்கு உங்க லேபு?"

கோடை விடுமுறைக் கப்பல்

விடுமுறைக்கு மெயின்லேண்ட் போகக் கப்பலில் இடம் பிடிப்பது பெரும்பாடு. டிக்கெட் ஆபீஸில் இருந்த அதிகாரியின் மகள் எனக்கு மாணவி. அவள் எழுதிய விடைத்தாள் அப்போது என்னிடம் திருத்தக் கிடந்தது. அதிகாரி ஆள் அனுப்பினார்: "சாருக்கு மேல்தளத்துல கேபின் ஒதுக்கியிருக்கேன்." நான் நன்றி சொல்லிவிட்டு வரிசையில் நின்றேன். கிடைத்தது அடித்தளத்தில் பங்க் என்னும் அடுக்குப் படுக்கை. மேலே ஒருவர், கீழே ஒருவர், பக்கத்தில் யாரோ கொண்டுபோகும் கருவாட்டு மூட்டை, நாள் முழுக்க இன்ஜின் சத்தம். செண்பகம் நிம்மதியாகத் தூங்கினாள். எனக்குத்தான் கப்பல் ஆடத் தொடங்கியதிலிருந்து தலை நிமிரவில்லை. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை.

எதிர் பங்க்கில் ஓர் அம்மாள், மதுரைப் பக்கம். புருஷனுக்கு ஹேடோவில் வேலை. என் நிலையைப் பார்த்துத் தூக்குவாளியைத் திறந்து எலுமிச்சை சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் ஒரு இலைத் துண்டில் வைத்து நீட்டினாள். "சாப்பிடுங்க சார், குமட்டல் நின்னுரும். எங்க மூத்தவன் உங்க காலேஜுதான்" என்றாள். வாங்க நீட்டிய என் கை பாதியில் நின்றுவிட்டது. பழக்க தோஷம். எந்த வகுப்பு, யார் பாடம் என்று விசாரிக்க ஆரம்பித்தேன். செண்பகம் கண் விழித்து என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு நான் எதற்குத் தயங்குகிறேன் என்று புரிந்துவிட்டது. இலைத் துண்டை என் மடியிலேயே வைத்தாள்.

"அவன் போன வருஷமே ஃபெயிலாகி, படிப்பே வேணாம்னு கடையில சேந்துட்டான் சார். தைரியமாச் சாப்பிடுங்க!"

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் நல்ல பேர் சம்பாதித்தேன் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பேரைக் காட்டி ஒரு தடவையாவது மேல்தளத்தில் படுத்து வர முடிந்ததா என்று செண்பகம் மட்டும் கேட்கிறாள்.