கம்மல் போட்ட மாடு

திரௌபதி அக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் சம்சாரம். அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் குடித்தனம் நடத்தினவர்களுக்கு அது புரியும். தலையில் ரெண்டு முழம் பூ வைத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கக் கூடாது. "பூ ஏதுடி வேதா?" என்பாள். வாங்கினேன் என்றால் காசு ஏது என்பாள். அவர் வாங்கிக் கொடுத்தார் என்றால், "அவன் இன்னாத்துக்குத் திடீர்னு பூ வாங்கறான்? எதையோ மறைக்கறான், பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அன்றைக்கு முழுதும் எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் அவளை ஏமாற்றினேன் என்று சொல்ல ஒருத்தர் கிடையாது. கற்பூரம் வாங்கினால் கடை வாசலிலேயே ஒரு வில்லையைக் கொளுத்திப் பார்த்த பிறகுதான் முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள். கோயிலுக்கு எண்ணெய் கொண்டுபோனால், குருக்கள் அதை விளக்கில்தான் ஊற்றுகிறாரா என்று தூணோரம் நின்று பார்ப்பாள். ஒரு நாள் நான் பொறுக்காமல் கேட்டுவிட்டேன், சாமியைக்கூட நம்ப மாட்டாயா என்று. "சாமிய நம்பறேன்டி. நடுவுல நிக்கறவனத்தான் நம்ப மாட்டேன்" என்றாள்.

பிறக்கும்போதே அவள் அப்படி இல்லை. தண்டல்காரன் ஆக்கினான். எழுபதுகளில் அவள் தேரடித் தெருவில் கீரையும் கத்திரிக்காயும் விற்றாள். காலையில் தண்டல்காரன் சைக்கிளை நிறுத்திவிட்டு, கடனில் வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பான். பொழுது சாய்ந்தால் முழுசாக வாங்கிக்கொண்டு போவான். ஒரு தடவை அவள் திருப்பிக் கொடுத்த காசைக் கொடுக்கவே இல்லை என்று நடுத்தெருவில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினான். இவளும் அழுதுகொண்டே அதே கற்பூரத்தை அணைத்தாள். ஊர் அவனைத்தான் நம்பியது, ஏனென்றால் ஊரில் பாதிப் பேர் அவனிடம் கடன் வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனான். அவள் கல்யாணத்துக்குத் தாய்வீட்டில் கொடுத்த அண்டா.

அப்புறம் எண்பத்திரண்டு வாக்கில் பேங்க் எங்களைத் தேடி வந்தது. அதுவரை பேங்க் என்றால் எங்களுக்கு வாசலில் துப்பாக்கியோடு நிற்கிற ஆள்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? மூர்த்தி என்று ஒரு ஆபீசர், மொபெட்டில் வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் எங்களை உட்காரவைத்தார். நிலம் வேண்டாம், நகை வேண்டாம். ஐந்து பெண்கள் ஒன்றாகச் சேர்ந்தால் போதும், ஒருத்திக்கு மற்ற நாலு பேர் ஜாமீன், கறவை மாடு வாங்கக் கடன் தருகிறோம் என்றார். ஏழைகள் கையில் நாலு காசு புழங்கினால்தான் நாடு முன்னேறும் என்று வேறு சொன்னார்.

"நாடு முன்னேறட்டும். நமக்கு இன்னா ஆகும்?" என்று திரௌபதி அக்கா என் காதில் கேட்டாள். "ஒண்ணும் இல்லாதவளுக்குக் காசு குடுக்கறான்னா வேற எதையோ எடுத்துக்கப் போறான்டி. அது இன்னான்னுதான் தெரியல."

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. கொஞ்ச வருஷம் முன்னால் சர்க்கார் வேன் ஒன்று வந்தது. கருத்தடைக்குப் பிடிக்க வருகிறார்கள் என்று எங்கள் ஆம்பிளைகள் சோளக்கொல்லையில் போய் ஒளிந்த ஊர் இது. மூர்த்தி சார் மூன்று தடவை வந்து, மூன்று தடவையும் மோர் வாங்கிக் குடித்த பிறகுதான் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். திரௌபதி அக்கா, நான், சரசு, ராணியம்மாள், சந்திரகலா.

முதல் மாடு யாருக்கு என்று கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கினோம். சரசு பேர் வந்தது, அடுத்தது திரௌபதி அக்கா பேர். அக்கா மிச்சச் சீட்டுகளையும் பிரித்து என்னிடம் காட்டி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு பேர்தான் இருக்கிறதா என்று படிக்கச் சொன்னாள். சரசு சின்னப் பெண், கல்யாணமாகி நாலைந்து வருஷம் இருக்கும். அவள் முகம் வாடிப்போனது. மூர்த்தி சார் வைத்த நிபந்தனை இன்னொன்று இருந்தது. முதல் ஆள் ஒழுங்காகக் கட்டினால்தான் அடுத்த ஆளுக்குக் கடன். சரசு கட்டாமல் விட்டால் நாலு பேருக்கும் மாடு கிடையாது. அதாவது, திரௌபதி அக்கா தண்டல்காரன் சைக்கிளுக்காக வாசலில் காத்திருப்பதும், காத்திருக்காமல் இருப்பதும் சரசுவின் மாட்டு மடியில் இருந்தது.

மாடு வந்த அன்றைக்குத் தெருவே கூடியது. நல்ல சிவப்பு மாடு, கூடவே காளைக்கன்று. இன்சூரன்ஸுக்கு என்று அதன் காதில் நம்பர் அடித்த தகடு ஒன்றைக் குத்தியிருந்தார்கள். கம்மல் போட்ட மாடு என்று எல்லோரும் சிரித்தோம். சரசு மாட்டுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, ஆரத்தி சுற்றினாள். அந்த நேரம் பார்த்துத்தான் மூர்த்தி சார் வாயைத் திறந்தார்.

"அம்மா, எல்லாரும் கவனிங்க. ஒருவேளை மாடு செத்துப்போச்சுன்னா..."

"சார்!" என்று ராணியம்மாள் ஒரு அதட்டுப் போட்டாள். "லட்சுமி வூட்டுக்குள்ள கால வைக்கறா. ஒங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"இல்லம்மா, ரூல்ஸ் சொல்லணும்..."

"நாளைக்குச் சொல்லுங்க சார். இன்னைக்கு வாய மூடிகினு பாயசம் சாப்புடுங்க."

பாவம், அவர் பாயசம் சாப்பிட்டுவிட்டுப் போனார். நாளைக்கும் யாரும் கேட்கவில்லை. திரௌபதி அக்காவாவது கேட்டிருப்பாள் என்று நினைப்பீர்கள். அவள் மூளைதான் வேறு பக்கம் ஓடுமே! "மாடு உள்ள நுழையறதுக்குள்ளயே சாவப் பத்திப் பேசறானே, நோவு மாடா புடிச்சிக் குடுத்துட்டானா?" என்று மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு சரசு பட்ட பாட்டை என்னவென்று சொல்ல? தினமும் விடிந்ததும் திரௌபதி அக்கா அவள் மாட்டுக் கொட்டாயில் போய் நிற்பாள். பால் எவ்வளவு கறந்தது, ஆசிரமத்துப் பக்கம் ஓட்டலுக்கு எவ்வளவு ஊற்றினாய், காசு வந்ததா? சரசு வீட்டில் கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தால் பேங்க் காசைத் தின்கிறாள் என்பாள். சரசு ஒரு ரிப்பன் வாங்கினால் மாதத் தவணை ரிப்பனாகப் போய்விட்டது என்பாள். "எம் பொண்டாட்டி கடன் வாங்குனாளா, இல்ல கைதியா?" என்று சரசு புருஷன் தருமன் என்னிடம் ஒரு நாள் கேட்டே விட்டான். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாங்கள் மூன்று பேரும் அக்காவைத் தடுக்கவில்லை. அவள் வேவு பார்ப்பது எங்களுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

சரசு மாதம் தவறாமல் கட்டினாள்.

அந்த ஆவணியில் நானும் அக்காவும் போளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் ரெண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினோம். பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறோம், சரசு கொட்டாய் காலியாகக் கிடக்கிறது. கன்று மட்டும் கத்திக்கொண்டிருக்கிறது. சரசு கண் வீங்கி, தலைவிரி கோலமாக உள்ளே உட்கார்ந்திருந்தாள். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், மாட்டுக்கு ஆகாத இளஞ்சோளத்தை மேய்ந்திருக்கிறது. வயிறு ஊதி, வாயில் நுரை தள்ளியிருக்கிறது. தருமன் டாக்டரைக் கூப்பிட டவுனுக்கு ஓடினால், அவர் செங்கம் பக்கம் முகாமுக்குப் போயிருந்தார். திரும்பி வருவதற்குள் மாட்டுக்கு மூச்சு நின்றுவிட்டது. கறவை மாடு செத்தால் விளக்கு வைப்பதற்குள் மண்ணுக்குள் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். புருஷனும் பெண்டாட்டியுமாகத் தங்கள் கொல்லை மூலையில் குழி வெட்டிப் புதைத்துவிட்டார்கள்.

"யாரு பாத்தாங்க?" என்றாள் திரௌபதி அக்கா.

சரசு விழித்தாள். "யாரு பாப்பாங்க, அக்கா? எல்லாரும் கழனிக்குப் போயிருந்தாங்க."

அவ்வளவுதான். வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "வித்துட்டாடி. நாம ஊர்ல இல்லாத நாளாப் பாத்து அடிமாட்டுக்கு வித்துட்டா. போன வாரம் தருமன் மாட்டுத் தரகனோட டீ குடிச்சிகினு இருந்தத நான் பாத்தேன்." எனக்கும், சொல்லப்போனால், இருக்குமோ என்றுதான் தோன்றியது. சந்தேகம் அப்படித்தான், பக்கத்தில் நின்றாலே ஒட்டிக்கொள்ளும்.

மறுநாள் சரசுவைக் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனோம். மூர்த்தி சார் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"காது எங்கம்மா?"

"எந்தக் காது?"

"மாட்டுக் காது! கம்மலோட காத அறுத்து, டாக்டர் சர்டிபிகேட்டோட கொண்டாந்தாத்தான் இன்சூரன்ஸ் வரும். அன்னைக்கு அதத்தான சொல்ல வந்தேன்? வாய மூடுன்னு சொன்னீங்களே!"

காது இல்லாவிட்டால் முழுக் கடனும் சரசு தலையில். அவளால் முடியாவிட்டால் எங்கள் நாலு பேர் தலையில். வேறு யாருக்கும் புதுக் கடன் கிடையாது. சரசு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தோண்டுவோம்" என்றாள் திரௌபதி அக்கா.

"அக்கா, வேணாம்! மண்ணு மூடுனத தெறக்கக் கூடாதுக்கா. எந் தலைய அடமானம் வெச்சாவது கட்டிடறேன்." சரசு அவள் காலைப் பிடித்தாள்.

"ஏன் பயப்படற? உள்ள மாடு இருந்தா காதும் இருக்கும். இல்லன்னா இன்னா இருக்குன்னு நாங்க பாக்கறோம்."

பேங்க் முழுக்கக் கேட்டது. சரசு காலை விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. எனக்கு அக்காவை அங்கேயே அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவளோடுதான் நானும் கிளம்பினேன்.

மூர்த்தி சார் மாட்டு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கொல்லையில் தெருவே நின்றது. யாரும் மண்வெட்டியைத் தொடவில்லை. திரௌபதி அக்காவே புடவையை வரிந்து கட்டிக்கொண்டு மண்ணை வெட்டினாள். தருமன் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். அப்புறம் பாய்ந்து வந்து மண்வெட்டியைப் பிடுங்கினான்.

"தள்ளு. நீ வெட்டுனா அது மூஞ்சில பட்டுடும்."

அவன் மண்டி போட்டுக் கையாலேயே மண்ணை வாரினான். திரௌபதி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மாடு உள்ளே இருக்கிறது என்பது அப்போதே எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

நாற்றம் அடித்தது. ஜனம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனது. மண்ணுக்குள் மஞ்சள் நிறத்தில் துணி தெரிந்தது. நானும் பழந்துணி என்றுதான் நினைத்தேன். தருமன் மண்ணை ஒதுக்க ஒதுக்க, அரக்குக் கரை நீளமாக வெளியே வந்தது. சரசுவின் கல்யாணக் கூறைப்புடவை. அவளிடம் இருந்த ஒரே பட்டு. அதைத்தான் மாட்டுக்குப் போர்த்திப் புதைத்திருந்தாள்.

"அய்யய்யோ, பொடவடி வேதா" என்றாள் அக்கா. குழிக்குள் இறங்கி, அவள்தான் புடவையை விலக்கி, மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் காதை அறுத்து எடுத்தார். சரசு வேலிப்பக்கம் திரும்பி, கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசி வரை குழிப்பக்கம் பார்க்கவே இல்லை.

இன்சூரன்ஸ் பணம் வந்தது. சரசுவுக்கு வேறு மாடு வந்தது. திரௌபதி அக்கா முறையும் வந்தது, என் முறையும் வந்தது. எண்பத்தைந்து எண்பத்தாறில் எங்கள் தெருவில் கம்மல் போடாத மாடுதான் கம்மி. தண்டல்காரன் சைக்கிள் எங்கள் பக்கம் திரும்புவதே அபூர்வமாகிவிட்டது. மூர்த்தி சார் வெளியூர் அதிகாரிகளை அழைத்து வந்து எங்களைக் காட்டுவார். ஐந்து பேரும் ஒருத்தரை ஒருத்தர் எவ்வளவு நம்புகிறார்கள் பாருங்கள் என்பார். நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

ஏனென்றால் அந்த நாளிலிருந்து சரசு திரௌபதி அக்காவோடு பேசவில்லை. பேங்கில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டி வந்தால் என்னை நடுவில் உட்காரவைப்பாள். அக்கா சாடையாகப் பேசிப் பார்த்தாள், திருவிழாவுக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். "நான் தோண்டலன்னா அவளுக்குக் காசு வந்திருக்குமாடி?" என்று என்னிடம் சண்டைக்கு வருவாள். வந்திருக்காது என்பேன். "அப்பறம் இன்னாத்துக்கு மூஞ்சத் திருப்பறா?" என்பாள். தோண்டினதற்கு இல்லை, எதற்காகத் தோண்டினாய் என்பதற்கு என்று சொல்ல வாய் வரும். அவளுக்கே தெரிந்ததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அக்காவின் மாடு கன்று போட்ட மறுநாள், சீம்பாலைத் தூக்கில் ஊற்றி எடுத்துக்கொண்டு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு சரசு வீட்டுக்குப் போனாள். சரசு வாசலுக்கு வந்தாள். தூக்கைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"இது ஒம் மாட்டுப் பாலா?" என்றாள். அத்தனை நாளைக்கப்புறம் அவள் அக்காவிடம் பேசின முதல் பேச்சு அது. "மெய்யாலுமே மாடு கன்னு போட்டுச்சா? நான் பாக்கணும்."

என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நடப்பதே வேறு. திரௌபதி அக்காவோ தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சரசு விடுவிடுவென்று எங்கள் வீட்டுப்பக்கம் நடந்தாள், நாங்கள் பின்னாலேயே போனோம். கொட்டாயில் குனிந்து கன்றைப் பார்த்தாள். மடியைத் தொட்டுப் பார்த்தாள். காதைத் திருப்பிக் கம்மலைப் பார்த்தாள். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக. தெருப் பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நிமிர்ந்து, அக்கா கையிலிருந்த தூக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா கொட்டாய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது.

"நல்லா பாத்தாளாடி?"

"பாத்தாக்கா."

"நம்பிட்டாளா?"

எனக்குத் தெரியவில்லை. "பால வாங்கிகினு போனாக்கா" என்றேன்.