கிளுவை வேலியில் ஒரு கடவு

சுற்றுச்சுவர் கட்டுவதற்காகப் பிடுங்கிப் போட்டிருந்த கிளுவைக் குச்சியை ஒடித்தேன். அந்தப் பச்சை வாசத்தில் எங்கள் மேய்ச்சல் காடு திரும்ப வந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்து, நடுவே இடைவெளியே விடாமல் கிளுவை நட்ட வருஷம், எங்கள் மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் தினமும் கழுத்து மணி குலுங்கப் பழைய தடத்திலேயே போய் வேலியில் முட்டி நின்றன. அம்மா நான்கு குச்சிகளைப் பிடுங்கிக் கடவு விட்டாள்.

“ஏம்புள்ள, வேலியப் புடுங்கற?” என்றார் அப்பா.

“பாகம் பிரிச்சது ஆட்டுக்குத் தெரியலீங்க.”

அந்தக் கடவில் முதலில் ஆடுகள் நுழைந்தன, பிறகு நான், பிறகு சித்தியின் குழம்புக் கிண்ணம், கடைசியில் ஒரு மழைநாளில் தலை குனிந்தபடி அப்பாவும்.

இப்போது காடு முழுக்க வீட்டுமனைகள். எனக்கும் சித்தப்பா மகனுக்கும் நடுவே எழும் சுவரில் ஒரு வழி விடச் சொன்னேன்.

“எதுக்குங்க?” என்றார் மேஸ்திரி.

காரணம் சொல்ல என்னிடம் ஆடுகள் இல்லை.