நஸீமாவின் ஆறாவது நிலை

மாமல்லபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மருந்துக்கடை மாடியில் இயங்கும் எங்கள் அலுவலகம், சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு சொல்லை நீக்குவது என்று முடிவெடுத்தது. மதியம் முழுவதும் விவாதம் நடந்தது. பக்கத்துச் சிற்பக்கூடத்தின் உளிச் சத்தம் இடையூறாக இருந்ததால் ஜன்னல்கள் சாத்தப்பட்டன. வெங்காய பஜ்ஜி வரவழைக்கப்பட்டது. எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேறியது. நீக்கும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது. நீக்கப்பட வேண்டிய சொல் 'தெரியவில்லை'. எங்கள் குழுத்தலைவர் பாஸ்கரன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது அவருடைய போன் அடித்தது. செங்கல்பட்டிலிருந்து நஸீமா அக்காவின் தம்பி. அக்கா அன்று காலை இறந்துவிட்டார் என்றார். பல மாதங்களாக நோயோடு விடுப்பில் இருந்தவர். அந்தச் சொல்லை எங்கள் கணினி நிரலில் எழுதியவர் அவர்தான்.

அவரோடு பழகியவர்களுக்கு அவர் என்ன வேலை செய்தார் என்பது தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய அளவில் தரவுகளை அலச வேண்டியவர்கள் அந்த வேலையை எங்கோ இருக்கும் வாடகைக் கணினிகளுக்கு, அதாவது கிளவுடுக்கு, அனுப்புகிறார்கள். அனுப்பிய வேலை என்ன ஆனது என்று இங்கே உட்கார்ந்து தெரிந்துகொள்ள ஒரு லைப்ரரி வேண்டும். மற்ற நிரலாளர்கள் எடுத்துப் பொருத்திக்கொள்ளும்படி எழுதி வைத்த நிரல்தொகுப்பு அது. எங்களுடைய லைப்ரரியில் ஒரு வேலைக்கு ஐந்து நிலைகள் இருந்தன: காத்திருக்கிறது, ஓடுகிறது, முடிந்தது, தோற்றது, நிறுத்தப்பட்டது. இணைப்பு அறுந்தால் 'தோற்றது' என்று காட்டும். பயன்படுத்துபவர் பதறிப்போய் அதே வேலையை மறுபடி அனுப்புவார். அங்கே இரண்டு வேலைகளும் அக்கறையாக ஓடிக்கொண்டிருக்கும்.

நஸீமா அக்கா வேலைக்குச் சேர்ந்த வாரமே இதைப் பிடித்துக்கொண்டார். பாஸ்கரன், இது உலக வழக்கம் என்றார். அக்கா சொன்ன பதில் இன்றும் எங்கள் அலுவலகத்தில் புழங்குகிறது.

"பாஸ்கர், நிக்காஹ்வுக்கு பிரியாணி மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு வந்துட்ட. அங்க அடுப்பு எரிஞ்சிகினு கீது. உன் கையில இருக்கறது அவர் போன் நம்பர் மட்டும்தான். அவர் போனை எடுக்கலன்னா பிரியாணி தீஞ்சு போச்சுன்னு மண்டபத்துல சொல்லுவியா?"

"வேற இன்னா சொல்றது?"

"தெரியலன்னு சொல்லு. வாய் வலிக்குமா?"

ஆறாவது நிலை அப்படித்தான் பிறந்தது. அதோடு ஒரு வழக்கமும் பிறந்தது. புதிய பதிப்பு வெளியாகும் முன் ஒரு வேலையை ஓடவிட்டு, அக்கா தன் கணினியிலிருந்து நீல நிற நெட்வொர்க் கேபிளை உருவுவார். பிறகு தேநீர் குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது திரை 'தெரியவில்லை' என்று சொல்கிறதா என்பதுதான் தேர்வு. இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன என்று வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர் பணிவாக எடுத்துச் சொன்னார். அக்கா அவரையும் தேநீருக்கு அழைத்துப் போனார். அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். தன் அறிக்கையில் கேபிளைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

எங்கள் லைப்ரரியை வைத்து ஒரு சிறு நிறுவனம் மீனவர்களுக்கு அலை நிலவரம் அனுப்பி வந்தது. கடலில் மிதக்கும் கருவிகள் தரும் அளவுகளை விடியுமுன் கிளவுடில் அலசி, குப்பத்துப் போன்களுக்குச் செய்தி போகும். ஒருநாள் இணைப்பு அறுந்தது. 'இன்று அலை நிலவரம் தெரியவில்லை' என்று செய்தி போனது. படகுகள் இறங்கவில்லை. கடலோ அன்று மாலை வரை எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. ஏழுமலை என்ற மீனவர் விசாரித்துக்கொண்டு எங்கள் மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"யாரு தெரியாதுன்னு அனுப்பினது?"

"நான்தான் அண்ணே," என்றார் அக்கா. அனுப்பியது அவர் இல்லை. ஆனால் எழுந்து நின்றார்.

"கடலு குளமாட்டம் கீது. ஒரு நாள் பொழப்பு பூட்ச்சு. தெரியாதுன்னு சொல்றதுக்கு இன்னாத்துக்கு கம்ப்யூட்டரு? எங்க வூட்டு ஆடு போதாதா?"

"ஆடு சும்மா இருக்கும் அண்ணே. சும்மா இருந்தா நீங்க நேத்து வந்த சேதியையே நம்பி இறங்கியிருப்பீங்க. கடைசியா பார்த்ததைச் சொல்றது வேற, இப்ப இருக்கறதைச் சொல்றது வேற."

ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்தார்.

"திட்ட வந்தா கிளாஸ் எடுக்கிறியேம்மா. சரி, டீ சொல்லு."

செய்தி போகும் எண்களின் பட்டியலிலிருந்து தன் எண்ணை எடுக்கும்படி அவர் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு அந்தச் சொல்லை ஏன் நீக்க முனைந்தோம் என்று கேட்பீர்கள். ஒரு பெரிய வாடிக்கையாளர் தன் மேலதிகாரிகள் முன்னால் திரையைப் போட்டுக் காட்டியபோது அதில் 'தெரியவில்லை' என்று வந்துவிட்டது. மேலதிகாரிகள் இதுவரை கேட்டறியாத சொல் அது. அந்த இடத்தில் 'ஓடுகிறது' என்று வந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று அவர் கருதினார். நாங்களும் கருதினோம்.

கடைசியாக அக்காவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் பார்த்தேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.

"தெரியல தம்பி. டாக்டருக்கும் தெரியல. ஆனா அவர் ஓடுதுன்னு சொல்றாரு."

சிரித்துவிட்டு, ஆறாவது நிலை நலமா என்று கேட்டார். அதற்குள் வாடிக்கையாளரின் புகார் வந்திருந்தது. நலம் என்றேன்.

அக்காவின் ஜனாஸாவுக்கு, அந்த இறுதித் தொழுகைக்கு, மாமல்லபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஏழுமலை வந்திருந்தார். பள்ளிவாசலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "திட்டு வாங்கினு டீயும் வாங்கிக் குடுத்துச்சுப்பா அந்தம்மா," என்று என்னிடம் சொன்னார். எங்கள் துறையில் விருதுகள் உண்டு. அக்காவுக்கு எதுவும் தரப்படவில்லை. இப்படி ஒரு வாக்கியம் வேறு யாருக்கும் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

மறுநாள் தீர்மானத்தின்படி அந்தச் சொல்லை நீக்கினேன். அக்காவின் மேசையிலிருந்த நீலக் கேபிளை என் கணினியில் செருகி, ஒரு வேலையை ஓடவிட்டேன். பிறகு கேபிளை உருவினேன். உருவி உருவி அதன் பிளாஸ்டிக் நாக்கு என்றோ ஒடிந்துவிட்டிருந்ததால் சிரமமில்லாமல் வந்தது. பாஸ்கரனைத் தேநீருக்கு அழைத்தேன். கேபிளைப் பார்த்துவிட்டு உடனே எழுந்து வந்தார். திரும்பி வந்தபோது திரை 'ஓடுகிறது' என்றது. போன் வழியாக கிளவுடில் பார்த்தோம். நாங்கள் படியிறங்கிய கொஞ்ச நேரத்திலேயே அந்த வேலை தோற்றுப் போயிருந்தது. பாஸ்கரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரை இன்னும் 'ஓடுகிறது' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தக் கேபிள் இப்போது என்னிடம் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுவும், உருவிவிட்டு எழுந்து போகும் பழக்கமும்.

சென்ற வாரம் புதிய பதிப்பு வெளியானது. அதில் ஒரு வேலைக்கு ஆறு நிலைகள்.