இருப்பதற்கு இரண்டு சொல்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்கு, வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்க வரும் பொலிஸ்காரர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கதவைத் திறப்பவன் நான். பதிவுத் துண்டில் குடும்பத் தலைவனும் நான். அவரோ என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "அக்கா இன்னவத?" என்கிறார். அக்கா இருக்கிறாவா என்று அர்த்தம். அக்கா என்பது என் மனைவி சரஸ்வதி. யாழ்ப்பாணத்தில் கிராம சேவையாளர் வந்தால் படலைக்கு வெளியே நின்று "ஐயா நிக்கிறாரோ?" என்பார், சரஸ்வதி குசினியை விட்டு வரமாட்டாள். வரைபடத்தில் இரண்டும் ஒரே நாடுதான். வரைபடம் கீறியவர் இடம்பெயர்ந்திருக்க மாட்டார்.

கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், பிரதம லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விண்ணப்பத்துக்கு யாருடைய ஒப்பம், அது எந்த மேசையில் தூங்கும், எப்படி எழுப்புவது எல்லாம் மனப்பாடம். அரச ஊழியருக்கான சிங்களப் பரீட்சையில் திறமையாகச் சித்தியடைந்து, பிறகு இளம் லிகிதர்களுக்கு அதே பாடத்தை நடத்தியவன். கொழும்புக்கு வந்த புதிதில் சரஸ்வதி, "எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்கோவன்" என்று கேட்டாள். வேற்றுமை உருபுகளிலிருந்து தொடங்கினேன். நாலாம் வேற்றுமையில் அவள் கொப்பியை மூடினாள். "உமக்கேன் இந்தக் கரைச்சல்? நான் இருக்கிறன்தானே" என்றேன். அன்பாகத்தான் சொன்னதாக நினைத்தேன்.

மிச்சத்தை அவள் மீன்காரரிடமும் கீழ்வீட்டுச் சிங்களப் பெண்ணிடமும் படித்தாள், பிழைபிழையாக. சிங்களத்தில் ஆள் இருந்தால் 'இன்னவா', பொருள் இருந்தால் 'தியெனவா'. தமிழ் வாய்க்கு இது இலகுவில் பிடிபடாது. மகன் கனடாவில் 'தியெனவா' என்று அவள் கீழ்வீட்டில் சொல்வதைக் கேட்டு, "பெடியனை மேசை கதிரையோடை சேர்த்துப்போட்டீர்" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

போன மாதம் காலி வீதியில் இராணுவச் சுற்றிவளைப்பு. மருந்து வாங்கப் போன என்னை ஓர் இளம் சிப்பாய் மறித்து, எங்கே போகிறாய் என்று கேட்டான். பரீட்சைச் சிங்களத்தில், 'மம யமி' என்று முறைப்படி வாக்கியத்தை முடித்துப் பதில் சொன்னேன். நம் ஊர்ச் சந்தியில் ஒருவன் 'யான் ஏகுகின்றேன்' என்றால் எப்படி இருக்கும், அப்படி. சிரித்தவன், அடையாள அட்டையில் பிறந்த இடத்தைக் கண்டதும் நிறுத்தினான். இவ்வளவு சுத்தமான சிங்களம் உனக்கு யார் படிப்பித்தது என்றான். "அரசாங்கம்" என்றேன். நக்கல் என்று நினைத்துவிட்டான்.

பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் மத்தியானம் தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். பொறுப்பேற்க ஒருவரும் வராவிட்டால் இரவு உள்ளேதான் என்றார் பக்கத்திலிருந்தவர். லொட்ஜில் பிடிபட்ட வவுனியாக்காரர். என்னைத் தேடி ஒருவழியாகச் சரஸ்வதி வந்தாள். நான் எழுந்து, எழுத்துமூலமான முறைப்பாடு பற்றித் தொடங்கினேன். "நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றுவிட்டு சார்ஜன்ட் பக்கம் திரும்பினாள்.

"மல்லி, மகே மாத்தயா ஒளுவ ஹொந்த நெத்துவ தியென்னே."

தம்பி, என் புருஷன் தலை சரியில்லாமல் இருக்கிறார். ஒரு சொல் தப்பாமல் விளங்கியது; அதுதான் படிப்பின் பயன். கோபம் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"இன்னே" என்று திருத்தினேன். "தியென்னே இல்லை. இன்னே."

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மேசையில் அடித்துச் சிரித்தார். "ஹரி ஹரி, அக்கே. எக்கன் யன்ன." கூட்டிக்கொண்டு போகலாமாம். வேறு அத்தாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை.

வவுனியாக்காரர் என் சட்டை நுனியைப் பிடித்தார். "ஐயா, உங்களுக்குப் பாஷை தெரியுந்தானே. ஆஸ்பத்திரிக்கு வந்தனான் எண்டு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ." தலை சரியில்லாதவன் எப்படிச் சொல்வது? நிலத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த நேரத்தில் பைத்தியமாக இருப்பது வசதியாக இருந்தது. சரஸ்வதி சொன்ன பொய்யை மறந்துவிடலாம். அதற்குள் நான் ஒளிந்துகொண்டதை எந்தக் கோப்பில் போட்டு மூடுவது?

"என்னப்பா, கோவமோ?" என்று வழியில் கேட்டாள்.

"வினைச்சொல் பிழை" என்றேன்.

"பிழையாக் கதைச்சால் அவங்கள் சிரிக்கிறாங்கள். சிரிச்சால் விடுறாங்கள். சரியாக் கதைச்ச ஆளை எங்கை வைச்சிருந்தவங்கள்?"

கால்வாய்ப் பாலத்தடியில் மறுபடியும் மறித்தார்கள். அதே வாக்கியத்தை அவள் சொன்னாள். சரியான சொல் இப்போது அவளுக்குத் தெரியும். நானே அல்லவா படிப்பித்தேன்? ஆனாலும் 'தியென்னே' என்றுதான் முடித்தாள். சிப்பாய் சிரித்தான். நான் திருத்தவில்லை. அவள் கொண்டுவந்த குடையை நெஞ்சோடு அணைத்து, வாயைச் சற்றுத் திறந்தபடி அவளுக்குப் பின்னால் நின்றேன்.

அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் பொலிஸ்காரரும் அக்காவிடம் மட்டுந்தான் கதைக்கிறார். நீங்களோ ஊரிலிருந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதுகிறீர்கள். இருக்கிறேன். ஆளாகவா பொருளாகவா என்று தமிழில் பிரித்துச் சொல்லத் தேவையில்லை.